பாக்லாப் பயறும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

போர்ட் பிளேர் ஹாடோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கணவர் குவைத்தில் பல வருடம் ஓட்டுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே உடன் வேலை பார்த்த எகிப்துக்காரர்கள் காலையில் சாப்பிடும் ஃபூல் என்ற பயற்று உணவின் மேல் அவருக்கு ஆசை இன்னும் போகவில்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒரு பை காய்ந்த பாக்லாப் பயறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். "குக்கரில் எட்டு விசில் விட்டேன். தோல் தனியாக, பருப்பு தனியாக நிற்கிறது. இவர் சொல்கிற ருசி வரவில்லை. என்ன செய்வது?" என்று கேட்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொரு கேள்வி: "மகள் வயிற்றுப் பேரனுக்கு மூன்று வயது. அவனுக்கும் கொடுக்கலாம் அல்லவா? பிறந்தபோது மஞ்சள் கண்டு நாலு நாள் நீல விளக்கில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்."

முதல் கேள்விக்குப் பதில் அடுப்பில் இருக்கிறது. இரண்டாவதற்கு இந்தத் தீவுகளின் காய்ச்சல் வரலாறு வரைக்கும் போக வேண்டும்.

ஃபூலுக்கு வேண்டியது பாக்லா. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் மணிப்பூரிலும் விளைகிறது. நம் கடைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்பது வேறு பயறு. அதை வாங்கிவிட வேண்டாம். எகிப்தில் இதற்கென்று பொடியான, உருண்டையான ரகத்தைத்தான் எடுப்பார்கள். பெரிய தட்டைப் பயறு காய்கறியாகச் சமைக்க நல்லது; முழுதாக வேகவைத்தால் தோல் தடித்து வாயில் நிற்கும். வாசகியின் பையில் இருப்பது பெரிய ரகமாக இருந்தால் பாதிக் குறை அங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி, விசிலில். கெய்ரோவின் பழைய பொதுக் குளியல் இல்லங்களுக்கு நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். அதற்கான உலைகள் ஊர்க் குப்பையை எரித்து ஓடின. ராத்திரி அந்த உலைச் சாம்பலுக்குள், தணலோடு தணலாக, பயறுப் பானையைக் கழுத்து வரை புதைத்துவிட்டுப் போவார்கள். விடியற்காலையில் எடுத்தால் பயறு உருக்குலையாமல், ஆனால் விரல் பட்டால் வெண்ணெயாக மசிகிற பதத்தில் இருக்கும். அந்தப் பானையின் வடிவம் கவனிக்கத் தக்கது: வயிறு பெருத்து, கழுத்து குறுகியிருக்கும். மேலே போகும் ஆவி கழுத்தில் குளிர்ந்து திரும்பப் பயற்றின் மேலேயே விழுகிறது. தண்ணீர் வற்றாது, கிளற வேண்டாம், ஆள் காவலும் வேண்டாம். சாத்தாம் பாலத்துக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவள் நான். மர ஆலைத் தூளை இறுக்கி அடைத்து நடுவில் துளை விட்ட அடுப்பில், தணிந்த சூட்டில் விடிய விடிய மாட்டுக்குக் கொள்ளு வெந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். குளியல் இல்லச் சாம்பல் செய்ததும் அதே வேலைதான்.

பயற்றுத் தோலையும் உள்ளிருக்கும் செல்களையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. அது மெதுவாகக் கரைய நேரம் வேண்டும். குக்கரின் வேகத்தில் உட்பருப்பு முதலில் குழைந்து பொங்கி, இன்னும் இளகாத தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் பெக்டின் இன்னும் இறுகும். தனிக்காரி அணைத் தண்ணீர் மழைத் தண்ணீர் என்பதால் நகரத்துக்காரர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் பயற்றுக்கு மட்டும் மழைநீர் பிடித்து வையுங்கள். எலுமிச்சையும் தக்காளியும் வெந்து முடியும் வரை கிட்டவே வரக் கூடாது; புளிப்பும் தோலை இறுக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சீக்கிரம் மசியும் என்பது உண்மை. ஆனால் பயற்றிலுள்ள பி1 வைட்டமினை அது அழித்துவிடும் என்பதால் நான் போடுவதில்லை.

செய்முறை இதுதான். இரண்டு கப் பயற்றைக் கழுவி, நிறையத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அடிகனமான, வாய் குறுகிய பாத்திரத்தில் பயற்றையும் இரண்டு மேசைக்கரண்டி மைசூர் பருப்பையும் போட்டு, பயறு மூழ்கி நாலு விரல் மேலே நிற்கும்படி நல்ல தண்ணீர் விடுங்கள். மைசூர் பருப்பு கரைந்து சாறைக் கெட்டியாக்கும். எகிப்து வீடுகளிலும் இப்படிச் சேர்ப்பதுண்டு. கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, இருக்கிற தீயிலேயே சின்னத் தீயில் ஐந்தாறு மணி நேரம். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் மட்டும் ஊற்றுங்கள். சிலிண்டர் கப்பலில் வரவேண்டிய ஊரில் ஆறு மணி நேரத் தீ என்றால் யாருக்கும் மனம் வராது. அதற்கும் வழி இருக்கிறது. அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் பழைய கம்பளியோ மரத்தூள் மூட்டையோ அடைத்து மூடிவிடுங்கள். காலையில் எடுத்து மறுபடி தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். வெதுவெதுப்பாகக் கிடந்த பயற்றில் கிருமி வளர்ந்திருக்கலாம் என்பதால் இந்தக் கடைசிக் கொதியை விட்டுவிடக் கூடாது.

வெந்த பிறகுதான் உப்பு. தட்டில் எடுத்துக் கரண்டியின் முதுகால் பாதிப் பயற்றை மசித்து, நசுக்கிய பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்து, மேலே எண்ணெய் தாராளமாக. அவர்கள் ஆலிவ் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ ஊற்றுவார்கள். நம் செக்கு நல்லெண்ணெய் அழகாகப் பொருந்துகிறது. பச்சை வெங்காயம், அவித்த முட்டை, தவிடு எடுக்காத கோதுமை மாவில் சுட்ட ரொட்டி. பெரியவர் திருப்திப்படுவார்.

பேரனுக்கு வருவோம்.

பாக்லாவில் விசைன், கான்விசைன் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. குடலில் இவை உடைந்து உண்டாகும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தால் தாக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் சிவப்பணுவுக்குள் ஜி6பிடி என்ற நொதி இருந்து அந்தச் சேதத்தை உடனுக்குடன் சரிசெய்துவிடுகிறது. மற்ற செல்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதற்கு இந்த ஒரே வழிதான். பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். அவர்களில் சிலர் பாக்லா சாப்பிட்டால் ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்துபோகும். முகம் வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். சின்னக் குழந்தைகளுக்கு உயிராபத்து. வேகாத பச்சைப் பாக்லாதான் அதிகக் கெடுதல். ஊறவைத்து நீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் எவ்வளவு வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. பாலூட்டும் தாய் சாப்பிட்டால் குழந்தைக்கும் வந்ததுண்டு.

இந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்ட கதைதான் என்னை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. பாக்லாவால் சிலர் நோய்ப்படுவது மத்தியதரைக் கடல் நாடுகளில் எப்போதோ தெரியும். காரணம் தெரிந்தது 1956ல், அதுவும் பயற்றை ஆராய்ந்து அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பிரைமாகுயின் என்ற மருந்தைச் சாப்பிட்ட சில கைதிகளுக்கு, பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு, சிவப்பணுக்கள் உடைந்தன. சிகாகோ பல்கலைக்கழகக் குழு அந்த இரத்தத்தை எடுத்துப் பார்த்து, ஜி6பிடி குறைவுதான் காரணம் என்று காட்டியது. பாக்லாவுக்கும் அதே காரணம்தான் என்பது பிறகு விளங்கியது. சிறைக்குள் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்ற கேள்வியை அந்த ஆய்வு விட்டுச்சென்றது. செல்லுலார் சிறையைத் தினம் பார்த்து வாழும் நாம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்த முடிச்சு இன்னும் விசித்திரம். உடம்புக்குக் கெடுதல் செய்யும் இந்தப் பிறவிக் குறை ஏன் இத்தனை கோடிப் பேரிடம் அழியாமல் நிற்கிறது? வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், மலேரியா நெடுங்காலம் ஆட்சி செய்த இடங்களில்தான் இது மிகுதி. இத்தாலியின் சார்டினியா தீவில் கடலோரச் சமவெளி ஊர்களில் அதிகம், கொசு குறைந்த மலை ஊர்களில் குறைவு. நொதி குறைந்த சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமி நன்றாகப் பெருக முடிவதில்லை. மலேரியாவில் சாகாமல் பிழைத்தவர்களோடு இந்தக் குறையும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கிறது. பாக்லாவும் அதே ஊர்களில் விரும்பி உண்ணப்படுவதற்குக் காரணம் அதன் பொருள்களும் கிருமியைக் கொஞ்சம் அடக்குவதாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதெல்லாம் எங்கோ நைல் கரைக் கதை என்று நினைக்க வேண்டாம். 1789ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தாம் தீவில் தொடங்கிய குடியேற்றம் வடக்கே மாற்றப்பட்டு, 1796ல் நோயும் சாவும் தாங்காமல் கைவிடப்பட்டது. நான்கவுரியில் 1768ல் வந்து இறங்கிய மொராவிய மிஷனரிகள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் மடிய, 1787ல் எஞ்சியவர்கள் கிளம்பிவிட்டார்கள். 1912ல் அந்தமான் மலேரியாவைப் பற்றி அறிக்கை எழுதிய கிறிஸ்டோஃபர்ஸ், கடலோர உவர்நீர்ச் சதுப்பில் பெருகும் கொசுவோடு அதைத் தொடர்புபடுத்தினார். 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் நின்றபோது அந்த வகைக் கொசுவுக்குப் புதிய இடங்கள் கிடைத்தன. வைவாக்ஸ் மலேரியா கண்டவருக்கு, அது மறுபடி வராதிருக்க, இன்றும் 14 நாள் பிரைமாகுயின்தான் கொடுக்கப்படுகிறது. ஜி6பிடி குறைந்தவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. வங்காளம், தமிழ்நாடு, கேரளம், ராஞ்சி, பர்மா என்று எத்தனையோ மலேரியா மண்ணிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். யார் இரத்தத்தில் இந்தக் குறை இருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். குறையுள்ள ஆண்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு மேல் இருக்கும் இடங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனக் குழு 1989லேயே சொன்னது. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். நம் வீடுகளிலோ பிள்ளைக்கு மஞ்சள் வந்து போனால் அதோடு மறந்துவிடுகிறோம். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மஞ்சள் வருவது இயல்பு, காரணங்களும் பல. ஆனால் நாலு நாள் விளக்கில் வைக்கும் அளவுக்குப் போன குழந்தைக்கு இந்த ஒரு சோதனையைக் கேட்டுப் பெற வேண்டாமா? இந்த மரபணு தாயிடமிருந்து மகனுக்கு வருவது. அதனால் ஆண் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும். தாய்க்கு எந்தக் குறையும் வெளியே தெரியாமல் இருக்கலாம், தாய்மாமனுக்கு இருந்திருக்கலாம்.

துணிப்பெட்டிக்குள் போடும் பாச்சை உருண்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் ஊர் என்பதால் நம் அலமாரிகளில் அது கிலோக் கணக்கில் கிடக்கிறது. அந்த நாஃப்தலின் ஏறிய துணியில் சுற்றினாலே, நொதி குறைந்த பச்சைக் குழந்தையின் சிவப்பணுக்கள் உடையலாம். பாக்லா சாப்பிடாத வீட்டிலும் பாச்சை உருண்டை உண்டு. குழந்தைத் துணி இருக்கும் பெட்டியிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஆகவே அம்மா, பேரனுக்கு இப்போது ஒரு பயறு கூடக் கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போய், பிறந்தபோது விளக்கில் வைத்ததைச் சொல்லி, ஜி6பிடி சோதனை கேளுங்கள். கொஞ்சம் இரத்தம் போதும். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுப்பது நல்லது. சிவப்பணு உடைந்த சில வாரங்களுக்குள் எடுத்தால், புதிதாகப் பிறந்த அணுக்களில் நொதி கூடுதலாக இருப்பதால் குறை மறைந்து சரியாக இருப்பது போல் காட்டிவிடும். குறை இருந்தால் சோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, எந்த மருந்து எழுதும் முன்பும் காட்டுங்கள். வறுத்த பாக்லா உப்புப் பாக்கெட்டும், பாக்லா மாவில் செய்யும் வடையும் அவனுக்கு வேண்டாம். தப்பித் தவறிச் சாப்பிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கறுத்தால், காத்திருக்காமல் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி இந்தக் குறையுள்ளவர்கள் நிறைவாக, நெடுநாள் வாழ்கிறார்கள்.

தாத்தா சாப்பிடுவதைப் பார்த்துப் பேரனும் கேட்பான். அவனுக்கு அதே பக்குவத்தில் காய்ந்த மொச்சையைச் செய்து கொடுங்கள். இந்த நோய்க்கு உணவில் ஐயமற நிரூபிக்கப்பட்ட காரணம் பாக்லாதான்; மொச்சையில் அந்தப் பயமில்லை. ராத்திரி ஊறவைத்த நீரைக் கொட்டி, ஒரு கொதி விட்டு அந்த நீரையும் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பாக்லாவைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். தோலை விரலால் பிதுக்கி எடுத்து, மசித்து, பூண்டைக் குறைத்துச் சீரகமும் எலுமிச்சையும் சேர்த்தால் போதும். பாத்திரமும் கரண்டியும் தனியாக இருக்கட்டும்.