கறையான் குடும்பம் – 9: ஒரே கட்டைக்குள் இரண்டு ராணிகள்

கலிபோர்னியாவின் பைன் காடுகளில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தால், ஈசல் பறக்கும் பருவத்தில் அதன் பட்டைக்கடியில் பல ஜோடிகள் புகுந்துவிடும். ஒவ்வொரு ஜோடியும் தனி அறை குடைந்து குடும்பம் தொடங்கும். ஜூடெர்மாப்சிஸ் என்ற ஈரமரக் கறையான் இது. நம் வரப்போரத்துப் புற்றுக் கறையான் இரை தேடி வெளியே போகும், இது போகாது. அந்தக் கட்டைதான் வீடு, அதுதான் சோறு. பிள்ளைகள் பெருகி மரத்தைத் தின்றுகொண்டே போக, ஒரு நாள் பக்கத்துக் குடும்பத்தின் பாதையில் முட்டியே தீரும்.

முட்டினால் என்ன ஆகும்? அமெரிக்க ஆய்வாளர் பார்பரா தோர்னும் அவர் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு குடும்பங்களைச் சந்திக்க வைத்துப் பார்த்தார்கள். சண்டை மூண்டது. ராஜாவோ ராணியோ, சில சமயம் இரு தரப்பு ராஜா ராணிகளுமோ மாண்டன. இதுவரை வியப்பில்லை. அதன் பிறகு நடப்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பகை அடங்கி, இரண்டு குடும்பங்களும் ஒன்றாகிவிடுகின்றன! காலியான இடத்துக்குப் புதிய ராஜா ராணி எந்தத் தரப்புப் பிள்ளைகளிலிருந்தும் வரலாம். நேற்றுவரை எதிரிகளாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமக்குள் கூடி இனம் பெருக்குவதும் உண்டு. மரபணுச் சோதனை செய்து 2009-இல் இதை வெளியிட்டார்கள்.

இந்த இனத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் மலடு அல்ல என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இறகு முளைத்து ஈசலாகப் பறந்து போகலாம். வீட்டிலேயே தங்கிப் பெற்றோரின் இடத்துக்கும் வரலாம். பறந்து போகும் ஈசல்களில் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் எறும்புக்கும் இரையாகிவிடும். வீட்டில் தங்கினால் பெற்றோர் சாகும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பக்கத்துக் குடும்பத்தோடு வரும் சண்டை அந்தக் காத்திருப்பைச் சுருக்கிவிடுகிறது. அப்படியானால் வீட்டோடு தங்கித் தம்பி தங்கைகளை வளர்ப்பதில் பிள்ளைகளுக்கும் லாபம் இருக்கிறது. கறையான்களின் கூட்டு வாழ்வு தோன்றியதற்கே இது ஒரு காரணம் என்று 2003-இல் தோர்ன் குழு வாதிட்டது.

சிப்பாய்க் கறையான் எப்படி வந்தது என்பதையும் அவர்கள் இதிலிருந்தே விளக்குகிறார்கள். இன்றைய கறையான்களில் பெரும்பாலானவற்றின் சிப்பாய்கள் மலடு. ஆனால் ஜூடெர்மாப்சிஸ் போன்ற சில பழைய வகைகளில் இனம் பெருக்கக்கூடிய சிப்பாய்களும் உண்டு. பெரிய தாடை இருந்தால் சண்டையில் பிழைக்கலாம். பிழைத்தால் பெற்றோரின் இடத்தைப் பிடிக்கலாம். முதல் சிப்பாய்கள் இப்படிப்பட்டவையாகத்தான் இருந்திருக்கும் என்பது அவர்களின் வாதம். சிப்பாய் என்றதும் எறும்பை எதிர்க்கப் பிறந்தது என்றே நாம் எண்ணுகிறோம். எனக்குத் தோர்னின் வாதமே வலுவாகப் படுகிறது: முதல் எதிரி எறும்பு அல்ல, பக்கத்து அறையில் இருந்த சொந்த இனம்தான்.

அடுத்த வாரம் பிரெஞ்சு கயானா காட்டுக்குப் போவோம். அங்கே ஒரு வகைக் கறையானில், தாடை தேய்ந்த முதிய வேலைக்காரக் கறையான்கள் முதுகில் நீலப் படிகங்களைச் சுமந்து திரிகின்றன. வேற்றினக் கறையான் தாக்க வந்தால், தம் உடலையே வெடிக்கச் செய்து அதன்மேல் நஞ்சைக் கொட்டிச் சாகின்றன.

(தொடரும்)