ஆம்ஸ்டர்டாமுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா?

"டாக்டர், மகனுக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை. மருமகள், மூணு வயசுப் பேத்தி எல்லாரும் போறாங்க. ஒரு வருஷத்துக்கு மருந்து கட்டிக் கொடுத்துடுங்க!"

போன மாதம் ஓர் அம்மா பெரிய பையோடு வந்து நின்றார். சுக்கு, மிளகு, திப்பிலி மட்டும் எழுதிக் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பற்பம், செந்தூரம் போன்றவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். நாடி பார்த்து, அளவறிந்து தரவேண்டிய மருந்துகள் அவை. அவசரத்தில் அங்குள்ள டாக்டருக்கு என்ன கொடுத்தோம் என்று விளக்கவும் முடியாது.

முதல் வேலை என்ன?

நகராட்சியில் பதிவு செய்து 'பி.எஸ்.என்.' எண் வாங்குங்கள். நான்கு மாதத்துக்குள் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுப்பது கட்டாயம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிரீமியம் கிடையாது. ஆனால் அவர்கள் பெயரையும் சேர்த்தாக வேண்டும். வீட்டுக்கு அருகில் 'ஹௌஸ்ஆர்ட்ஸ்' எனும் குடும்ப டாக்டரிடமும் பதிந்துகொள்ளுங்கள். அவசர நிலை தவிர, அவர் சீட்டு இல்லாமல் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடியாது.

"பாரசிட்டமால்தான் தர்றாங்க!"

அங்கிருந்து ஓர் இளம் தகப்பனார் போனில் புலம்பினார். "பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல். ரெண்டு நாள் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க!"

கோபம் வேண்டாம். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. ஆனால் குழந்தை துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இரவிலும் விடுமுறையிலும் அதற்கென்றே தனி மையங்கள் உண்டு. மூச்சுத் திணறலோ வலிப்போ வந்தால் 112-ஐக் கூப்பிடுங்கள்.

வெயில் எங்கே?

டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நாலரைக்கு மறைந்துவிடும். நம் நிறத் தோலுக்கு அந்த வெயில் போதாது. அதனால்தான் நான்கு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், கருத்த நிறமுள்ள பெரியவர்களுக்கும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்கிறார்கள். சித்த வைத்தியன் சொல்கிறேன்: வெயிலுக்கு ஈடாக என்னிடம் சூரணம் இல்லை. அதைத் தவறாமல் கொடுங்கள்.

ஹீட்டர் சூட்டில் தோல் வறளும். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்க் குளியலென்றால் தலை நன்றாகக் காய்ந்தபிறகே வெளியே போகவேண்டும்.

அவளைக் கவனியுங்கள்

கணவர் ஆபீஸ் போனபின், இருட்டிய வீட்டில் தனியே இருப்பவள் மனைவி. தூக்கமில்லை, பசியில்லை, காரணமின்றி அழுகை... இரண்டு வாரம் இப்படி நீடித்தால் "ஊர் ஞாபகம்" என்று தள்ளிவிடாதீர்கள். குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போது தினம் அரைமணி நேரம் இருவரும் சேர்ந்து நடங்கள்.

பாட்டிமார்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. மருந்து மூட்டையை விட, மருமகளுக்குத் தினம் பத்து நிமிஷம் போன்... அதுதான் நல்ல மருந்து!