எலெக்ட்ரிக் கிட்டார்: முதலில் பார்க்க வேண்டியது கழுத்தை

பிள்ளைக்கு மலிவு விலையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் பெற்றோர், நிறத்தைவிட அதன் கழுத்தைக் கவனிக்க வேண்டும். தலைப்பக்கமிருந்து நோக்கும்போது கழுத்து முறுக்கியிருந்தால் அதை வாங்க வேண்டாம். யமஹா பசிஃபிக்கா, ஸ்குவையர் போன்ற பெயர்பெற்ற தொடக்கநிலைக் கிட்டார்களையும் கையில் எடுத்துப் பார்த்தே வாங்குவது நல்லது. ஆம்ப்ளிஃபையருக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

தந்தி உயரமாக இருந்தால் விரல் வலிக்கும். பிள்ளை விரைவில் கிட்டாரை மூலையில் வைத்துவிடும். 12ஆவது ஃபிரெட்டுக்கு மேல் தந்தியின் இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பிரிட்ஜில் உள்ள சிறு திருகுகளால் அதைக் குறைக்கலாம். 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தி மாட்டினால் அழுத்துவது எளிது.

பிக்கப்பை மாற்றுவது கடைசி வேலை. அது ஒலியை மாற்றும். விரல் வலியைக் குறைக்காது.