மருந்துக்கு அடங்காத சீழ்: யாருக்கு ஆபத்து அதிகம்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியிருப்பார். ஐந்தாம் நாள் வாக்கில் தையல் போட்ட இடம் சிவந்து, தொட்டால் சுடும். அடுத்த இரண்டு நாளில் சீழ் கட்டும். வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காது. சீழை எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினால் ரிப்போர்ட்டில் எம்ஆர்எஸ்ஏ என்று வரும். "ஆஸ்பத்திரியில் எதையோ ஒட்டவைத்துவிட்டார்கள்" என்று வீட்டார் கொதிப்பார்கள். பல சமயம் அது உண்மைதான். சில சமயம் அந்தக் கிருமி நோயாளியோடு சேர்ந்தே அட்மிஷன் ஆகியிருக்கும்.

மூக்கில் குடியிருக்கும் கிருமி

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்குத் துவாரத்தில் சும்மா இருக்கிறது. தோல் கிழியாதவரை தொல்லை இல்லை. பெனிசிலினுக்கு இது பழகிப்போனதும், 1959-ல் மெத்திசிலின் என்ற புது மருந்து வந்தது. இரண்டே ஆண்டில், 1961-ல், அதற்கும் அசையாத ரகத்தை இங்கிலாந்தில் பட்ரிசியா ஜெவன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டு எழுதினார். எம்ஆர்எஸ்ஏ என்பது அந்த ரகம்தான். அமாக்சிசிலின், செஃபலெக்சின் என்று நாம் பெயர் சொல்லி வாங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் இதனிடம் எடுபடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் இருக்கும் மருத்துவமனைகளில், நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் 40 சதவீதத்துக்கும் மேல் எம்ஆர்எஸ்ஏ என்று அண்மை ஆண்டறிக்கைகள் சொல்கின்றன.

மூக்கிலோ தோலிலோ இது இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் படுத்த படுக்கையாகும்போது கணக்கு மாறுகிறது. மருத்துவமனையில் எம்ஆர்எஸ்ஏ புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். 18 மாதத்துக்குள் அவர்களில் 29 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது.

தோலில் திறந்த வழிகள்

இந்தக் கிருமிக்கு வேண்டியது ஒரு ஓட்டை. மருத்துவமனையில் அதற்குப் பஞ்சமில்லை.

ஜெனரல் வார்டில் யாருடைய புறங்கையையாவது கவனித்துப் பாருங்கள். டிரிப்ஸ் ஏற்றுவதற்காகக் குத்திய ஊசிக்குழாய், மேலே பிளாஸ்டர். பிளாஸ்டரில் குத்திய தேதி எழுதியிருக்க வேண்டும். பாதி நேரம் எழுதியிருக்காது. ஓரம் நனைந்து, அழுக்கேறி, பாதி பெயர்ந்து தொங்கும். டிரிப்ஸ் நின்று மாத்திரைக்கு மாறியிருப்பார்கள், குழாய் மட்டும் அப்படியே இருக்கும். "நாளைக்கு எப்படியும் டிஸ்சார்ஜ்தானே, இருக்கட்டும்" என்று விட்ட குழாயின் வழியே கிருமி ரத்தத்துக்குள் போய்விட முடியும். குத்திய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நரம்பு கயிறு மாதிரித் தடித்தாலோ அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். "சிஸ்டர், இது இன்னும் வேணுமா?" என்று தினமும் கேட்பதில் தப்பே இல்லை. எனக்குத் தெரிந்து நோயாளியின் பக்கத்திலிருந்து செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

கழுத்திலோ மார்பிலோ போடும் பெரிய லைன் இன்னும் ஆபத்தானது. ஐசியூ நோயாளிகளும் டயாலிசிஸ் செய்பவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கழுத்து லைன் வழியே மாதக்கணக்கில் டயாலிசிஸ் செய்பவரை விட, கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த வழி) வைத்துக்கொண்டவருக்குத் தொற்று குறைவு. ஆனால் ஃபிஸ்டுலா பயன்படுத்தத் தயாராக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அந்த முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கிறது. பலர் எடுப்பதில்லை.

இன்னொன்று ஷேவிங். ஆபரேஷனுக்கு முந்தின இரவு பிளேடு வைத்து வழிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, விடிவதற்குள் அவற்றில் கிருமி பெருகும். முடியை எடுக்காமல் விடுவதே மேல், எடுத்தே ஆகவேண்டுமானால் பிளேடு கூடாது, கிளிப்பர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது.

படுக்கைப் புண், தீக்காயம், ஆறாத கால் புண் ஆகியவற்றைப் பற்றி விளக்கவே வேண்டாம். எத்தனை நாள் படுக்கையில் இருக்கிறோமோ அத்தனைக்கு ஆபத்தும் கூடும்.

சர்க்கரையும் ராஜபிளவையும்

சர்க்கரை நோயாளியின் முதுகில் வரும் ராஜபிளவைக்கு நம் பாட்டிமார் பயந்தது வீண் பயமில்லை. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதே ஸ்டஃபைலோகாக்கஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. பாதத்தில் உணர்ச்சி குறைவதால் ஆணி குத்தியதே தெரிவதில்லை. ரத்த ஓட்டமும் குறைவதால் மருந்து புண் வரை போய்ச் சேர்வதில்லை. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. வார்டில் எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் ஒருவர் இருப்பார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மெடிக்கல் ஷாப்பில் தொடங்குவது

சளிக்கு, தொண்டை வலிக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று கடந்த சில மாதங்களில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்கு எம்ஆர்எஸ்ஏ வரும் வாய்ப்பு கூடுதல். மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை மட்டும் மிஞ்சிப் பரவுகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் செஃபலோஸ்போரின் வகையும் இதில் முன்னால் நிற்கின்றன. 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகள் ஹெச்1 பட்டியலில் வந்தன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். "அண்ணே, போன தடவை குடுத்த அதே மாத்திரை ரெண்டு குடுங்க" என்பது இன்னும் நின்றபாடில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் நாம்தானே.

கைகள்

ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமி பெரும்பாலும் கைகளில்தான் போகிறது. டாக்டர், நர்ஸ், டிரெஸ்ஸிங் செய்பவர் மட்டுமல்ல, கூட இருக்கும் அட்டெண்டரின் கையும் இதில் சேர்த்தி. பக்கத்துக் கட்டில்காரரின் கட்டைத் தூக்கிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு, வந்து நம் நோயாளிக்குத் தலையணை சரிசெய்வோம். இத்தனைக்கும் மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமி, சாதாரண சானிடைசருக்கு அடங்கிவிடும். 20 முதல் 30 நொடி தேய்த்தால் போதும்.

செய்தால் குறையுமா என்றால், குறையும். இங்கிலாந்தில் 2003-04-ல் எம்ஆர்எஸ்ஏ ரத்தத் தொற்று சுமார் 7,700 பேருக்கு வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும் என்று ஏற்கெனவே ஆக்கியிருந்தார்கள். 2008-க்குள் பாதியாக்க இலக்கு வைத்தார்கள். கை சுத்தம், லைன் பராமரிப்பு, அட்மிஷனிலேயே பரிசோதனை என்று இறங்கியதில் 2012-13-ல் அது ஆயிரத்துக்கும் கீழே வந்தது.

அட்மிஷன் ஆகும் முன்

இதயம் அல்லது மூட்டு ஆபரேஷன் என்றால் மூக்கில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கிருமி இருப்பது தெரிந்தால், மூக்கில் சில நாள் தடவ முபிரோசின் ஆயின்மென்ட்டும், குளோர்ஹெக்சிடின் கலந்த குளியலும் கொடுப்பார்கள். கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், இருந்த மருத்துவமனை, ஆறாத புண் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

முன்பு எப்போதாவது எம்ஆர்எஸ்ஏ என்று வந்திருந்தால், அந்த ரிப்போர்ட் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகப் போடும் செஃபசோலின் ஊசி இந்தக் கிருமியிடம் பலிக்காது. வான்கோமைசினும் சேர்க்க வேண்டுமா என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த மருந்தை நரம்பில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும், ஒரு மணி நேரமாவது பிடிக்கும். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஞாபகம் வந்து சொன்னால் அதற்கு நேரம் இருக்காது.