சாட்சி சொன்ன இரட்டையர்கள்



இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதற்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன்மேல் வைக்கிறது. பொம்மைக் காரை ஓட்டி விளையாடாமல், அதன் சக்கரத்தை மட்டும் வெகுநேரம் சுழற்றிக்கொண்டிருக்கிறது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. தினமும் போகும் வழி மாறினால் அழுது புரளுகிறது.

இத்தகைய அடையாளங்கள் பல ஒருங்கே காணப்படும் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். இது தொற்று நோயன்று. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களில் சிலருக்குப் பேச்சே வருவதில்லை. வேறு சிலர் பட்டம் பெற்று வேலைக்கும் போகிறார்கள்.

இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை கிடையாது. எக்ஸ்ரே படத்திலும் தெரியாது. குழந்தை எப்படி விளையாடுகிறது, எப்படிப் பழகுகிறது என்று மருத்துவர் கவனிக்கிறார். பெற்றோரிடம் விவரமாகக் கேட்டறிகிறார். காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்கிறார். அதன் பிறகே முடிவு கூறுகிறார்.

சரி, இதற்குக் காரணம் என்ன? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் தந்த முதல் விடைகளில் ஒன்று, பல தாய்மார்களைக் கண்ணீர் விட வைத்தது.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனி நிலையாக மருத்துவ உலகம் அறிந்துகொள்ள அதுவே வழிவகுத்தது. இது பிறவியிலேயே வருவது என்றுதான் கானர் அதில் எழுதினார். ஆனால் பெற்றோர் பலர் பாசத்தை வெளிக்காட்டாதவர்களாக இருந்ததையும் குறிப்பிட்டார். பின்னர் வந்த சிலர் இதையே பிடித்துக்கொண்டு, தாயிடம் அன்பில்லாததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்றார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை எங்கும் பரப்பியது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றார் அவர்.

இதில் உள்ள பிழை உங்களுக்குத் தெரிகிறதா? சிரித்தால் திரும்பச் சிரிக்காத குழந்தையிடம் தாய் சோர்ந்து போவது இயல்பு. விளைவைக் காரணம் என்று எண்ணிவிட்டார்கள்! ஆட்டிசம் உள்ள தன் மகனுக்காக இத்துறையைப் படித்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964இலேயே இக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். அதே தாய் வளர்த்த மற்றக் குழந்தைகள் நன்றாக இருக்கிறார்களே என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று.

தனி ஊசல் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று அறிய, நீளத்தை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். நேரம் மாறவில்லை என்றால் குண்டின் நிறை காரணமல்ல என்று அறிகிறோம். மனிதக் குழந்தைகளை வைத்து இப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் இயற்கையே அதைச் செய்து வைத்திருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் ஒன்று. இரு கருக்களிலிருந்து வளர்ந்த இரட்டையருக்கு, சாதாரண உடன்பிறப்புகளைப் போல, சராசரியாகப் பாதிதான் ஒன்று. இரு வகையினரையும் வளர்ப்பது ஒரே வீடு, ஒரே தாய். வளர்ப்புதான் காரணம் என்றால் இரு வகையிலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும்.

சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1977இல் முடிவை வெளியிட்டனர். ஒரு கரு இணைகள் 11இல், 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கரு இணைகள் 10இல் ஒன்றில்கூட அப்படி இல்லை. 21 என்பது சிறிய எண்தான். ஆனால் பிற்காலத்தில் செய்த பெரிய ஆய்வுகளும் மரபின் பங்கை உறுதி செய்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதில் தொடர்புடையவை என்று இன்று அறிகிறோம். குறைமாதப் பிறப்பு, பெற்றோரின் முதிய வயது போன்றவையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. தாயின் அன்புக் குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

பழி சுமத்தும் பழக்கம் அத்துடன் நிற்கவில்லை. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசிமீது சந்தேகம் கிளப்பி, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998இல் ஒரு கட்டுரை வந்தது. அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு, அந்தத் தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று காட்டியது.

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. பயிற்சி உண்டு. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைத் தானே செய்யப் பயிற்சி, அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் படங்கள் ஆகியவை உதவுகின்றன. பேசாத குழந்தை, படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொள்கிறது. சிறு வயதிலேயே தொடங்கினால் நல்லது. பெற்றோரை விலக்கி வைத்த காலம் போய், பெற்றோரையே பயிற்சியாளராக்கும் முறையை எரிக் ஷாப்லர் உருவாக்கினார். 1972இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் அதை அரசுத் திட்டமாகவே ஏற்றது.

கானர் எழுதிய 11 குழந்தைகளில் முதலாமவர் டொனால்ட் டிரிப்ளெட். மருத்துவர் சொற்படி சிறு வயதில் ஒரு விடுதியில் விடப்பட்டார். ஓராண்டுக்குப் பின் பெற்றோர் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார். சொந்த ஊர் வங்கியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். தனியாகவே பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023இல், 89ஆம் வயதில் காலமானார். அவருடைய விந்தைப் பழக்கங்களை ஊரார் கேலி செய்யவில்லை. அவரைத் தம்மில் ஒருவராகவே நடத்தினார்கள்.

உங்கள் வகுப்பிலோ தெருவிலோ இத்தகைய பிள்ளை இருக்கலாம். அவன் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் அது திமிரன்று. சத்தத்துக்கு அஞ்சினால் அது நடிப்புமன்று. சிறு வாக்கியமாகச் சொல்லுங்கள். விடைக்குச் சற்றுப் பொறுத்திருங்கள். அவன் தாயை யாராவது குறை கூறினால், 1977ஆம் ஆண்டின் அந்த 21 இணைகளைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள்.