நெல்லியின் இலை எது?

ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் வளரும் தம்பி தங்கைகளே, ஜூலை மாதக் குளிரில் உங்கள் வீட்டு நெல்லிச் செடியைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும். இலையெல்லாம் கொட்டி, வெறும் குச்சியாக நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்! பட்டையை நகத்தால் துளி சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் செடி தூங்குகிறது, அவ்வளவுதான்.

கீழே கொட்டியதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறிவேப்பிலை ஈர்க்கு மாதிரியே முழு முழு ஈர்க்காக விழுந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கறிவேப்பிலையில் ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. அதில் இருப்பவை சிற்றிலைகள். நெல்லியின் ஈர்க்கோ ஒரு குட்டிக் கிளை. அதில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பச்சைத் துணுக்கும் தனித்தனி இலை!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இலையும் தண்டும் சேரும் மூலைக்கு இலைக்கக்கம் என்று பெயர். சிற்றிலையின் கக்கத்தில் பூ வராது. நெல்லியில் அந்தத் துணுக்குகளின் கக்கத்தில்தான் பூ வருகிறது. அப்படியானால் அவை முழு இலைகள்தானே? ஊரில் வேலியோரம் முளைக்கும் கீழாநெல்லியும் இப்படித்தான். ஈர்க்கின் அடியில் கடுகு போல வரிசையாகக் காய் தொங்கும். இரண்டுக்கும் பேரினம் ஒன்றே: ஃபில்லாந்தஸ். கிரேக்க மொழியில் ‘இலைப்பூ’ என்று பொருள். எத்தனை பொருத்தமான பெயர்! ஆக, உங்கள் நெல்லி உதிர்ப்பது இலையை மட்டுமல்ல, கிளையையும் சேர்த்துத்தான்.

வளர்ந்த நெல்லி லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். கன்று தாங்காது. உங்கள் பக்கத்து ஃபௌ ஆற்றுக்குப் பெயர் தந்த ஃபௌ மரத்துக்கும் உறைபனி ஆகாது. அதனால் முதல் இரண்டு மூன்று குளிர்காலம் கன்று தொட்டியிலேயே இருக்கட்டும். தொட்டியை வீட்டின் வடக்குச் சுவரோரம் வையுங்கள். சென்னைத் தாத்தா கேட்டால், “வடக்கிலா? வெயிலே வராதே!” என்பார். அங்கே குளிர்காலத்தில் அது சரி. ஆக்லாந்து பூமியின் தென்பாதியில் இருப்பதால் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். ஜூன் 21 அன்று அது அடிவானத்திலிருந்து 30 பாகை உயரம்தான் ஏறும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறக்குறைய 10 பாகை. மூன்று முஷ்டி அடுக்கினால் சூரியனின் உயரம். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஆக்லாந்தில் குளிர்காலத்தில்தான் மழை அதிகம். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பின்னால் தரையில் நடும்போது மண்ணை மேடாக்கி நடுங்கள்.

பாட்டி வீட்டு நெல்லிக்கொட்டையைச் சட்டைப்பையில் போட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். விதையோடு ஒட்டி வரும் பூச்சியும் பூஞ்சையும் நியூசிலாந்தின் காடுகளையே கெடுக்கலாம். விமான நிலையத்தில் மோப்ப நாய்கள் காத்திருக்கும். உள்ளூரில் வளர்ந்த கன்றாகவே வாங்குங்கள். முடிந்தால் இரண்டு ரகம் வாங்குங்கள். பல நெல்லி ரகங்கள் தம் மகரந்தத்தால் சரியாகக் காய்ப்பதில்லை.

செப்டம்பரில் வெயில் ஏறும்போது ஓர் உருப்பெருக்கியோடு செடியிடம் போங்கள். கணுக்களில் புது ஈர்க்கு துளிர்க்கும். ஒரு நாள் அதில் பூ வந்தால், ஆண் பூ எத்தனை, பெண் பூ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.