நர்சிங் படிப்புக்கு முன்னால் ஒரு படிப்பு

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர நினைப்பவருக்கு முக்கியமான முடிவு பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, பிளஸ் டூவில் உரிய மதிப்பெண் வாங்கினால் விண்ணப்பிக்கலாம். உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல் எல்லாவற்றையும் முதல் செமஸ்டரில் கல்லூரியே கற்றுத் தந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படி இல்லை. பள்ளி முடித்ததும் நேரடியாக நர்சிங்கில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு என்றாலும், கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டுப் படிப்பானாலும், வேறு பட்டம் பெற்றவர்களுக்கான ஒன்று, ஒன்றரை ஆண்டுத் துரிதப் படிப்பானாலும், இந்தப் பாடங்களை முன்பே தனித்தனியாகப் படித்து முடித்துவிட்டு வந்தால்தான் விண்ணப்பத்தையே பார்ப்பார்கள். ‘பிரீரெக்விசிட்’ எனப்படும் இந்த முன்தகுதிப் பாடங்களை எந்த வரிசையில், எத்தனை செமஸ்டரில் முடிப்பது என்ற திட்டம் மாணவரின் பொறுப்பு. எந்த வகுப்பில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடலாம் என்று தொடங்குபவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள். சேர விரும்பும் கல்லூரியிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவதே சரியான வழி.

பின்னோக்கி எண்ண வேண்டியதற்கு முதல் காரணம், எல்லாருக்கும் பொதுவான பட்டியல் என்று ஒன்று இல்லாததுதான். உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த இரண்டு செமஸ்டர் பாடம், நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, உளவியல் ஆகியவை ஏறக்குறைய எங்கும் உண்டு. அதற்கு மேல் ஒரு கல்லூரி புள்ளியியல் கேட்கும், மற்றொன்று ஊட்டச்சத்தியல் கேட்கும், இன்னொன்று லேபுடன் கூடிய வேதியியல் கேட்கும். ஆன்லைனில் செய்த லேபை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இதோடு காலாவதி விதி ஒன்றும் இருக்கிறது. அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் நிபந்தனை வைக்கின்றன. கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் சென்று, அங்கே நர்சிங் படிக்க நினைக்கும் தமிழ்ப் பெண் பொறியியல் பட்டதாரிக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தும். இந்தியப் பட்டத்தை முறைப்படி மதிப்பீடு செய்து கொடுத்தால் துரிதப் படிப்புக்கு அது பயன்படலாம். ஆனால் பத்து ஆண்டுக்கு முன் பி.இ. முதலாண்டில் படித்த வேதியியல் அங்கே செல்லுபடியாகாமல் போகலாம். ஆகவே வகுப்பில் சேரும் முன்பே மூன்று, நான்கு கல்லூரிகளின் பட்டியலை எடுத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் பாடங்களை முதலில் வைப்பது நல்லது. ஒரு கல்லூரி கைவிட்டாலும் படித்தது வீணாகாது.

இரண்டாவது காரணம் பாடங்களுக்குள்ளேயே இருக்கும் வரிசை. உடற்கூறியலின் முதல் பகுதியில் தேறாமல் இரண்டாம் பகுதிக்குப் போக முடியாது. முதல் பகுதியில் சேரவே உயிரியலோ வேதியியலோ முடித்திருக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தவறினால் ஒரு செமஸ்டர் போகும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியானால் ஓர் ஆண்டே போய்விடும். முதல் செமஸ்டரில் வேதியியல், ஆங்கிலம், புள்ளியியல். அடுத்ததில் உடற்கூறியல் முதல் பகுதியும் உளவியலும். மூன்றாவதில் இரண்டாம் பகுதியும் ஊட்டச்சத்தியலும். கடைசியில் நுண்ணுயிரியல் என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு செமஸ்டரிலும் லேப் உள்ள கனமான பாடம் ஒன்றுக்கு மேல் வராது. டீஸ் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கும் கல்லூரியானால் அதற்கும் இந்த வரிசை உதவும். அதன் 170 கேள்விகளில் 50 அறிவியல் பகுதியில் வருகின்றன, அதில் உடற்கூறியலுக்கே அதிக இடம். ஆகவே உடற்கூறியலின் இரண்டு பகுதிகளும் முடிந்த கையோடு அந்தத் தேர்வை எழுதுவது பலன் தரும்.

இதெல்லாம் ஆட்களைக் கழித்துக்கட்ட வைத்த சல்லடைதானே, நோயாளியின் அருகில் நிற்பவருக்கு இத்தனை அறிவியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சல்லடையாகவும் பயன்படுகிறது என்பது உண்மை. ஆனால் இதய நோயாளி ஒருவருக்கு டிஜாக்சினும், நீர் பிரியச் செய்யும் ஃபுரோசமைடும் ஒன்றாகக் கொடுக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஃபுரோசமைட் சிறுநீர் வழியே பொட்டாசியத்தை வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் நஞ்சாகும் அபாயம் கூடும். மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கத் தோன்றுவது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று உடலியங்கியலில் ஊன்றிப் படித்தவருக்குத்தான். வார்டில் சி.டிஃப் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளியைத் தொட்ட பின் சானிடைசர் மட்டும் பூசிக்கொண்டால் ஏன் போதாது என்பதும் நுண்ணுயிரியல் பாடம்தான். அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித்தான் அகற்ற வேண்டும். நர்சிங் வகுப்பு தொடங்கியபின் மருந்தியல் ஆசிரியர் இவற்றை அடியிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார், தெரியும் என்று வைத்துக்கொண்டே மேலே போவார்.

இன்னொரு கேள்வி நியாயமானது. குடும்பப் பொறுப்போடு படிப்பவருக்கு ஒவ்வொரு செமஸ்டரும் செலவும் இழந்த வருமானமும்தானே, எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் முடித்துவிட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க முறையில் ஏ கிரேடுக்கு 4 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 2. மூன்று அறிவியல் பாடங்களை ஒன்றாக எடுத்து மூன்றிலும் சி வாங்கினால் சராசரி 2.0. நிதானமாகப் படித்து இரண்டில் ஏ, ஒன்றில் பி வாங்கினால் 3.67. பெரும்பாலான கல்லூரிகள் சி கிரேடு போதும் என்றுதான் அறிவிப்பில் எழுதுகின்றன. ஆனால் அது விண்ணப்பிக்கப் போதும், இடம் கிடைக்கப் போதாது. 2021-இல் பட்டப்படிப்பு, மேற்பட்டப்படிப்பு இரண்டிலும் சேர்த்து, தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களை அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் திருப்பி அனுப்பின என்று அந்நாட்டு நர்சிங் கல்லூரிகளின் சங்கம் கணக்குச் சொன்னது. ஆசிரியர்களும் பயிற்சி தரும் மருத்துவமனை இடங்களும் போதாதது முக்கியக் காரணம். இத்தகைய நெரிசலில் சராசரியின் ஒவ்வொரு தசமமும் பேசும். சி வாங்கிய பாடத்தை மறுபடி எடுக்கலாமே என்றால், ஒருமுறைக்கு மேல் அனுமதிக்காத கல்லூரிகள் உண்டு, இரண்டு முயற்சிகளையும் சேர்த்துச் சராசரி பார்ப்பவையும் உண்டு. அவசரத்தில் மிச்சப்படுத்திய செமஸ்டர், திரும்பப் படிப்பதிலேயே கரைந்துவிடும்.

செவிலியர் பற்றாக்குறை பேசப்படும் நாட்டில் கல்லூரிக்கொரு பட்டியல் வைத்து, இடம் உறுதியில்லாத மாணவரிடம் முன்கூட்டியே பணத்தையும் காலத்தையும் கேட்பது சரிதானா என்றால், சரியில்லைதான். பட்டியல்களைப் பொதுவாக்குவதும், ஆசிரியர் இடங்களைக் கூட்டுவதும் அரசுகளும் கல்லூரிகளும் செய்ய வேண்டிய வேலை. கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் பாடம் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற பொதுத் தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம், அந்த அளவு வெளிப்படைத்தன்மை எங்கும் வரவேண்டும். அதுவரை, தேர்ந்தெடுத்த கல்லூரிகளின் கல்வி ஆலோசகரிடம் கேட்டு, எந்தப் பாடம் ஏற்கப்படும், எத்தனை ஆண்டு செல்லும், விண்ணப்பிக்கும் நாளில் எத்தனை முடிந்திருக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதுதான் மாணவர் கையில் இருக்கும் பாதுகாப்பு. அந்தப் பதில் வந்த பிறகு முதல் செமஸ்டருக்குக் கட்டணம் கட்டினால் போதும்.